சாக்குக் கழிவு

என் வீட்டுக்காரர் மருதை, காந்தி மார்க்கெட்டில் ஒரு வெங்காய மண்டியில் எடை போடுகிறவர். தராசைப் பிடித்தால் பெற்ற தகப்பனுக்கும் ஒரு பிடி கூடப் போட மாட்டார். அந்த நேர்மையை ஊரே மெச்சியது. நானும் மெச்சிக்கொண்டுதான் இருந்தேன், அது என் மகள் தலையில் விடியும்வரை.

ராத்தலும் வீசையும் போய்க் கிலோ வந்த புதிது. நாங்கள் அப்போது தென்னூரில் ஓர் ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். அவர் சட்டையை எத்தனை தடவை துவைத்தாலும் வெங்காய வாசம் போகாது. அன்றைக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டேன். அவர் போய் எட்டு வருஷமாகிறது. இன்றைக்கு அந்த வாசத்துக்காக ஏங்குகிறேன்.

பவுனு பிறக்கும்போதே சின்ன உருவம். பக்கத்து வீட்டுக்காரி, "பேரும் பவுனு, எடையும் பவுன் கணக்குதானா?" என்று கேலி செய்வாள். மாதாமாதம் பிள்ளைகளை நிறுத்துப் பார்க்க வரும் நர்ஸ் ஞானசவுந்தரி மட்டும் சிரித்ததில்லை. அவரிடம் வளைகோடுகள் போட்ட தாள் ஒன்று இருந்தது. மூன்றாம் மாதம் பவுனு ஐந்து கிலோ. அடிக்கோடு ஒன்றின்மேல் புள்ளி வைத்தார்.

"இதே வயசுல நூறு பொம்பளப் பிள்ளைங்கள எடை வரிசையில நிக்க வச்சா, உங்க பொண்ணு கீழேருந்து பத்தாவது ஆளு."

எனக்குச் சுருக்கென்றது. "அப்ப என் பால் பத்தலையாம்மா?"

"இது என்ன பரீட்சை மார்க்கா? நூறு பேர்ல யாராவது பத்தாவதா நின்னுதானே ஆகணும். அவ கோட்டுலயே அவ ஏறிக்கிட்டு வந்தா நல்லா இருக்கான்னு அர்த்தம். கோட்டை விட்டுக் கீழ இறங்கினாத்தான் கவலைப்படணும்."

அடுத்த மாதம் அவருடைய தராசு பழுதாகிவிட்டது. மண்டியில் நிறுத்துச் சொல்லுங்கள் என்றார். என் வீட்டுக்காரர் காலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார். சாக்கில் படுக்க வைத்துத் தட்டில் நிறுத்தார். நாலு கிலோ எழுநூறு. அதற்கடுத்த மாதம் ஐந்து கிலோ நூறு. புள்ளிகள் எல்லாக் கோட்டுக்கும் கீழே போய் விழுந்தன. நர்ஸ் முகம் வாடிவிட்டது.

எனக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளை சிரிக்கிறாள், உதைக்கிறாள், ஆனாலும் தாள் இப்படிச் சொல்கிறதே. உப்பிலியபுரத்திலிருந்து இவருடைய அக்கா வெள்ளையம்மாள் வந்து இறங்கினார். அவருக்கு நாலும் ஆண் பிள்ளைகள், பெண் இல்லை. கடைசியானுக்கு இன்னும் பால் குடி மாறவில்லை.

"எங்கிட்ட வேண்டிய மட்டும் பால் இருக்கு மயிலு. ஒரு வருஷம் நான் வச்சுத் தேத்திக் கொண்டாரேன்."

இவர் தலையாட்டிவிட்டார். மூன்று மணி பஸ். பவுனு துணியெல்லாம் பைக்குள் போய்விட்டது. பெற்ற வயிறு கேட்குமா? பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே மண்டிக்கு நடந்தேன். வீட்டுப் பெண்கள் அங்கே போவதில்லை. கூலிக்காரர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"ஏங்க, என் கண்ணு முன்னால ஒருவாட்டி நிறுங்க."

சாக்கை விரித்தார், பிள்ளையைக் கிடத்தினார், கல்லை வைத்தார். முள் நிமிர்ந்ததும் மண்டிக் குரலில் சொன்னார்: "ஆறு இருநூறு. கழிவு ஒண்ணு போக, அஞ்சு இருநூறு."

"அது என்னங்க கழிவு?"

"சாக்குக்குத்தான். மூட்டைக்கு ஒரு கிலோ கழிக்கிறது வழக்கம். நம்ம பிள்ளைங்கறதுக்காக வழக்கத்தை மாத்த முடியுமா?"

மூட்டைக்கு ஒரு கிலோ என்றால் சாக்கோடு மண்ணும் சருகும் சேர்த்து. என் மகளிடம் ஏது மண்ணும் சருகும்? பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு, வெறும் சாக்கை மட்டும் தட்டில் போடச் சொன்னேன். இருநூறு கிராம்.

மனுஷர் வெங்காய மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு மாசமா எம் பிள்ளையை நானே குறைச்சுட்டேனே" என்றார். மண்டி முழுக்கக் கேட்கும்படி அவரைத் திட்டினேன். பிறகு அழுதேன்.

திரும்பும் வழியில் நர்ஸ் வீட்டில் நுழைந்து கழிவுக் கதையைச் சொன்னேன். அவர் தாளை எடுத்து, இரண்டு மாதத்துக் கணக்கிலும் எண்ணூறு கிராமைக் கூட்டிப் பழைய புள்ளிகளை அடித்துவிட்டுப் புதிதாக வைத்தார். அன்றைய எடையையும் சேர்த்தார். மூன்றும் அந்தப் பத்தாவது ஆளின் கோட்டை ஒட்டியே ஏறியிருந்தன.

வீட்டில் அண்ணி வெள்ளையம்மாள் பையோடு வாசலில் நின்றார். விவரம் சொன்னதும் உள்ளே போய், துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டார். கடைசிச் சட்டையை மட்டும் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார்.

"நல்ல வேளை மயிலு. கொண்டுபோயிருந்தா, திருப்பித் தந்திருப்பேனான்னு எனக்கே தெரியல."

பவுனுவை அவர் மடியில் கொடுத்தேன். பஸ்ஸுக்கு நேரமாகும்வரை அவரே வைத்திருந்தார்.