கழுத்தில் தைத்த முகவரி

என் தங்கை தைக்கும் சட்டைகளை நடமாடும் மனிதர்கள் அணிவதில்லை. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கென்றே அவள் தைக்கிறாள். தோளிலிருந்து மணிக்கட்டு வரை பிரஸ் பட்டன் வைத்த சட்டை. நோயாளியின் கையை முறுக்காமல் மாட்டலாம், கழற்றலாம். முதுகுப்புறத்தில் தையலே இருக்காது. இருந்தால் அந்த இடம் புண்ணாகிவிடும். பக்கவாதத்தில் விழுந்த தன் கணவரின் உடம்பைப் பார்த்துப் பார்த்து அவள் கற்றுக்கொண்டவை இவை. அவர் போன பிறகு அந்தத் தையல் மெஷின்தான் அவளுக்குச் சோறு போட்டது.

ஒவ்வொரு சட்டையின் பின்கழுத்திலும் சிறிய வெள்ளைத் துணிப்பட்டை ஒன்று உண்டு. அதில் நீல எழுத்தில் அவளுடைய வெப்சைட்டின் பெயர் மட்டும் இருக்கும். தொலைபேசி எண் கிடையாது. அது சின்னவனின் யோசனை. சின்னவன் அவளுடைய கொழுந்தன். கம்ப்யூட்டர் விற்கும் கடையில் வேலை பார்க்கிறான். பள்ளியில் என்னிடம் படித்தவன்.

"வீடு மாறுவீங்க, நம்பர் மாறும். இது மாறவே மாறாது அண்ணி. எவன் தட்டினாலும் நேரா உங்க மெஷின் முன்னாடி வந்து நிப்பான்" என்றான்.

அவன் சொன்னது பலிக்கவும் செய்தது. ஒருவர் இறந்தால் அவருடைய சட்டை இன்னொருவருக்குப் போகும். அதை மாட்டிவிடும் நர்ஸ் கழுத்தைப் பார்த்துவிட்டு, தன் வார்டுக்கு நான்கு சட்டை கேட்பாள். தங்கைக்கு வந்த வேலையில் பெரும்பகுதி இப்படிக் கழுத்தைப் பார்த்து வந்ததுதான். படுத்திருப்பவரைப் புரட்டாமல் அளவெடுப்பது எப்படி என்பது முதலான எல்லாவற்றையும் அந்த வெப்சைட்டுக்கு நான் எழுதிக்கொடுத்தேன். ஓர் ஒற்றெழுத்துக்கூட விடுபடாமல் எழுதினேன். அந்தப் பெயரைப் பதிவு செய்தபோது சின்னவன் என்ன எழுதினான் என்பதை மட்டும் நாங்கள் பார்க்கவில்லை.

ஒருநாள் காலை வெப்சைட் திறக்கவில்லை. சின்னவன் வந்து மெஷினருகே உட்கார்ந்து எதையெதையோ தட்டினான். அவன் முகம் வெளுத்தது.

"என்னடா?" என்றேன்.

"பேரைப் பதிவு பண்ணின கம்பெனிக்காரன் முடக்கி வெச்சிருக்கான் சார். விவரம் சரியான்னு கேட்டு மெயில் அனுப்பியிருக்கான் போல. பதில் போகல."

"ஏன் போகல?"

"அந்த மெயிலை நான் தொறக்கறதே இல்ல."

பல்லைப் பிடுங்குவதுபோல ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டியிருந்தது. உரிமையாளர் என்று அவன் குறித்த மனிதர் எங்கள் குடும்பத்தில் எந்தத் தலைமுறையிலும் பிறந்ததில்லை. அவர் வசிக்கும் தெரு எந்த ஊரிலும் இல்லை. தொலைபேசி எண், ஒரே இலக்கத்தை விரல் அலுக்கும் வரை அழுத்தியது. மின்னஞ்சல் அன்றைக்கென்று உருவாக்கப்பட்டு அன்றே மறக்கப்பட்டது.

"எதுக்கு தம்பி இப்படிப் பண்ணினே?" என்று தங்கை கேட்டாள்.

"உண்மையான நம்பர் குடுத்தா லோன் வேணுமா, அது வேணுமா, இது வேணுமான்னு உயிரை எடுப்பானுங்க அண்ணி. எல்லாரும் இப்படித்தான் போடறாங்க. எவன் பாக்கறான்?"

"பாத்துட்டானே."

பதிவு நிறுவனத்தின் ஒப்பந்தத்தைத் திறந்து படித்தேன். சின்னவன் படிக்காமலே 'ஒப்புக்கொள்கிறேன்' என்று தட்டியது அது. விவரங்கள் உண்மையாகவும் முழுமையாகவும் இருக்கவேண்டும்; மாறினால் திருத்தவேண்டும்; தெரிந்தே பொய் சொன்னாலோ, விசாரணைக்குக் கெடுவுக்குள் பதில் தராவிட்டாலோ பெயரை முடக்கலாம், ரத்தும் செய்யலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும் வாக்கியங்கள். அவற்றைவிட என் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது அடுத்த பத்தி. விவரங்களை வெளியார் கண்ணில் படாமல் மறைத்து வைக்கும் வசதி, கட்டணமில்லாமல், அதே பக்கத்தில் இருந்தது. உண்மையை எழுதிவிட்டு ஒரு கட்டத்தைத் தட்டியிருந்தால் போதும். அந்தப் பொய்க்குத் தேவையே இருக்கவில்லை.

நிறுவனத்துக்குப் போன் செய்தோம். பேசிய பெண்ணின் குரலில் தேன் வழிந்தது.

"உரிமையாளர் பேசறீங்களா மேடம்?"

"ஆமாம்மா, என் வெப்சைட்தான்."

"ஆனா பதிவுல உங்க பேர் இல்லையே. வேற ஒருத்தர் பேர்ல இருக்கு."

"வருஷா வருஷம் பணம் நாங்கதானே கட்டறோம்?"

"யார் கட்டினாலும் வாங்கிப்போம் மேடம். ஆனா உரிமை அவருக்குத்தான். அவரோட அடையாள அட்டையை அனுப்பச் சொல்லுங்க, இன்னைக்கே திறந்துடலாம்."

போனை வைத்ததும் சின்னவனுக்கு உயிர் வந்தது. "இவ்வளவுதானா! அட்டை ஒண்ணு அடிச்சிடலாம் அண்ணி. என் ஃபிரெண்டுக்கு அரைமணி நேர வேலை. போட்டோவுக்குச் சாரை வெச்சுக்கலாம். வயசான மூஞ்சின்னா நம்புவாங்க."

"என்னையா?"

"ஒரே ஒரு தடவை சார்."

தங்கை கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். "இல்லாத ஆளைப் பெத்து வெச்சே. இப்ப அவனுக்கு எங்க அண்ணன் மூஞ்சியை ஒட்டப் போறியா? நாளைக்கு அவனுக்குப் பொண்ணும் பாப்பே." பிறகு என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, உள்ளதை உள்ளபடி எழுதிடு."

எழுதினேன். விவரங்கள் பொய் என்பதை மறைக்கவில்லை. அந்தப் பெயரைச் சட்டைகளில் தைத்து எத்தனையோ நோயாளிகள் அணிந்திருக்கிறார்கள் என்று சொன்னேன். அவளுடைய அடையாள அட்டையையும் ரசீதுகளையும் இணைத்தேன். அவ்வளவு தெளிவான கடிதத்தை என் வாழ்நாளில் நான் எழுதியதில்லை.

மறுநாளே பதில் வந்தது. எங்கள் நேர்மைக்கு நன்றி தெரிவித்திருந்தார்கள். பதிவு விவரங்கள் பொய்யென்பதை நாங்களே உறுதிப்படுத்திவிட்டதால், ஒப்பந்தப்படி அந்தப் பதிவை ரத்து செய்கிறார்களாம். பெயர் விடுபட்ட பிறகு எவர் வேண்டுமானாலும் அதைப் பதிவு செய்துகொள்ளலாமாம். அதில் ஒரு பிழைகூட இல்லை.

"நான் சொன்னேன்ல?" என்றான் சின்னவன். "அட்டை அனுப்பியிருந்தா இந்நேரம் ஓடிட்டிருக்கும். உண்மையைச் சொல்லிக் கெடுத்துட்டீங்க சார்."

அவனை அறையக் கை துடித்தது. அறைவதென்றால் அவன் சொன்னது பொய்யாக இருக்கவேண்டும்.

பெயர் விடுபடும்போது பிடித்துவிடலாம் என்று அவன் கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்தான். இப்படி விடுபடும் பெயர்களைக் கவ்விக்கொண்டு போவதற்கென்றே உலகத்தில் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் முந்திக்கொண்டார்கள். யார் கவ்வினார்கள் என்பது, ஆஸ்பத்திரி நர்ஸ் போன் செய்தபோதுதான் தெரிந்தது.

"என்னக்கா இது? வார்டுல ஒருத்தர் அவங்க அப்பா கழுத்துல இருந்த பேரைத் தட்டிப் பாத்திருக்காரு. சூதாட வா வான்னு கூப்பிடுதாம், பொம்பளைங்க படம் வேற. எங்கப்பா கழுத்துல எதைத் தெச்சு மாட்டியிருக்கீங்கன்னு என்னைப் பிடிச்சுக் கத்தறாரு."

தங்கை போனை வைத்தாள். தைத்து அடுக்கியிருந்த சட்டைகளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, பிளேடால் பட்டைகளைப் பிரிக்கத் தொடங்கினாள். எதிரே சின்னவன் வேறொரு பெயரைப் பதிவு செய்துகொண்டிருந்தான். அந்தப் பெயர் எவருடைய கழுத்திலும் இல்லை.

"அண்ணி, உரிமையாளர் பேர் என்ன போடட்டும்?"

"என் பேரைப் போடு. நான் இன்னும் சாகல."

கதவு எண்ணையும் தெருவையும் போன் நம்பரையும் அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவன் தலை நிமிராமல் தட்டினான். மறைக்கும் கட்டத்தை நான் விரலால் காட்டினேன்; அதையும் தட்டினான்.

நம்பர் தெரிந்த வீடுகளுக்கெல்லாம் அவள் போன் செய்தாள். நம்பர் தெரியாத வீடுகள்தான் அதிகம். கடைசியாக, வெகுகாலம் படுக்கையில் இருந்த ஓர் அம்மாளின் மகளை அழைத்தாள்.

"அம்மா சட்டைக் கழுத்துல ஒரு பட்டை இருக்கும் பாரும்மா. அதைக் கொஞ்சம் வெட்டி எடுத்துடறியா? உறுத்துமேன்னுதான்" என்றாள். அவள் பொய் சொல்லி நான் கேட்டது அதுவே முதல்முறை.

"அம்மா போன மாசம் போயிட்டாங்கக்கா. நீங்க தெச்ச பூப்போட்ட சட்டைதான் அவங்களுக்கு உயிரு. அதையே போட்டு அனுப்பி வெச்சோம்."

தங்கை பிளேடை மடியில் வைத்தாள்.

"சரிம்மா, நல்லது" என்று சொல்லிவிட்டு, அடுத்த சட்டையை எடுத்தாள்.