சரணடையப் போனவளின் படம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: கதைக்கு முன்பே இதன் அட்டைப்படம் தயாராகிவிட்டது. பதிப்பாளர் ஆசையாய் வரையவைத்து அனுப்பியிருந்தார். எரியும் நகரம், காற்றில் பறக்கும் கூந்தல், ஓங்கிய கையில் கொடி. அந்தப் பெண்ணுக்கு ஒரு கதை மட்டும்தான் பாக்கி.

அவள் கண்களில் நெருப்பு கனன்று—

(வேண்டாம். கண்ணில் நெருப்போடு யாரால் வேலைக்குப் போக முடியும்?)

2

அவள் படைமுகாமின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். நகரமே தளபதிகளின் பிடியில் இருந்தது. ரொட்டிகூட அவர்கள் கொடுத்தால்தான். ஒருநாள் காலை ரொட்டி வரிசையில் தள்ளுமுள்ளு. சிப்பாய்கள் துப்பாக்கியைத் தூக்கிய நேரம் பார்த்து, கூடை நிறையத் துணியோடு இவள் நடுவில் வந்து மாட்டிக்கொண்டாள். உயிர் தப்பினால் போதுமென்று ஒரு வெள்ளைப் படுக்கைவிரிப்பை உருவித் தலைக்கு மேலே பிடித்தாள். சரணடைந்துவிட்டேன், சுடாதீர்கள் என்று சொல்வதற்குத்தான். சிப்பாய்கள் குழம்பித் தயங்கினார்கள். அதற்குள் வரிசை முழுக்கத் தப்பியோடிவிட்டது. அவளும்தான்.

யாரோ படம் எடுத்திருந்தார்கள். படத்திலோ, கொடி பிடித்துப் படையை மறித்து நிற்பவளாகத் தெரிந்தாள். கொஞ்ச நாளில் சுவரெல்லாம் அவள் முகம். ஜன்னலுக்கு ஜன்னல் வெள்ளை விரிப்பு.

3

நாத்தனார் வீட்டு மாடியறையில் ஒளிந்துகொண்டாள். (கணவனை முதல் பிரதியில் கொன்றிருந்தேன். பிறகு மனசு கேட்காமல் கப்பல் வேலைக்கு அனுப்பிவிட்டேன்.) வேளாவேளைக்குச் சாப்பாடு, நாத்தனாரோடு வம்பளப்பு, மதியத் தூக்கம். தேடப்படுகிறவள் இவ்வளவு நிம்மதியாக இருக்கலாமா என்று எனக்கே சந்தேகம் வந்தது. ஆனால் சலவைக்கூடத்தில் அவள் உட்கார்ந்ததே கிடையாது.

"அண்ணி, சுவத்துல உங்க மூக்க ரொம்ப அழகா வரஞ்சிருக்காங்க," என்றாள் நாத்தனார்.

"நல்லதாப் போச்சு. யாருக்கும் அடையாளம் தெரியாது."

4

ரகசிய வானொலிக்காரி ஒலிவாங்கியோடு வந்து சேர்ந்தாள். ஜனங்களுக்குப் பயம் வந்துவிட்டது, ஒவ்வொருவராக விரிப்பை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பவர்களைப் படை பொறுக்கியெடுத்துவிடும், நீங்கள் பேசினால்தான் உண்டு என்று கெஞ்சினாள். நான் இரண்டு பக்கத்துக்கு உரை எழுதிக் கொடுத்திருந்தேன். 'மக்களே' என்பதோடு தாளை மடித்து வைத்துவிட்டாள். ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள்.

"வானம் இருட்டிட்டு வருது. எல்லாரும் விரிப்ப உள்ள எடுத்துடுங்க. நனைஞ்சு கெடந்தா கரும்புள்ளி விழும், எவ்வளவு தேய்ச்சாலும் போகாது."

வானொலிக்காரி தலையில் கைவைத்துக்கொண்டாள். நானும்தான்.

எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு கை நீண்டு விரிப்பை இழுத்தது. அப்புறம் அதற்கடுத்த வீடு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெருக்கோடிவரை அத்தனை விரிப்புகளும் சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டன. காவலுக்கு நின்ற சிப்பாய்கள் அண்ணாந்து பார்த்தார்கள். வீட்டுக்கு வீடு வானொலியில் வந்த அவள் குரல் அவர்கள் காதிலும் விழுந்திருந்தது. கூச்சல் அவர்களுக்குப் பழக்கம். ஒருத்தி சொன்னதும் ஊரே கேட்பது பழக்கமில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வண்டியேறி முகாமுக்குத் திரும்பினார்கள். மழை பிடித்துக்கொண்டது.

5

இங்கே ஒரு புரட்சி வைக்கலாம். படை திரும்பி வந்து கதவை உடைப்பதாகவும் எழுதலாம். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டுக்கும் அவளை எழுப்ப வேண்டியிருந்தது.

வானொலிக்காரி வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள். அடுத்து என்ன செய்வதென்று ஊரே கேட்கிறதாம். நாத்தனார் போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டு, "எழுந்ததும் கேளுங்க. இப்பத்தான் கண்ணசந்தாங்க," என்கிறாள்.

எழுந்ததும் அவள் என்ன சொல்வாளென்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தோன்றினால் சொல்லுங்கள். கொஞ்சம் மெதுவாக.