புடைத்த மாதிரி

தீவனப் பரிசோதனைக் கூடத்தில் வானதிக்குத் தும்மல் மேடம் என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. கோழித் தீவனமோ மாட்டுத் தீவனமோ, மாதிரிப் பையைப் பிரித்துத் தட்டில் கொட்டியதும் முகக்கவசத்தையும் மீறி மூன்று தும்மல் போட்டால்தான் அவளுக்கு அன்றைய வேலையே ஓடும். பதினோரு வருஷமாக அப்படித்தான். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை, எல்லையம்மாள் கொண்டுவந்த வான்கோழித் தீவனத்தைக் கொட்டியபோது தும்மல் வரவில்லை. வராததை அவள் கவனிக்கவும் இல்லை.

எல்லையம்மாளுக்குக் குடவாசல் பக்கம் ஒரு கிராமம். மகளிர் குழு மூலம் வாங்கி வளர்த்த முப்பத்தாறு வான்கோழிகளில் இருபத்தொன்பது மூன்றே நாளில் செத்துப்போயின. கால் இரண்டும் பின்னுக்கு இழுத்துக்கொள்ள, எழுந்திருக்க முடியாமல் கிடந்து செத்தன. தீவனத்தைச் சோதித்துப் பாருங்கள் என்று கால்நடை டாக்டர் சொன்னதால், இரண்டு பஸ் மாறி, ஒரு கிலோ தீவனத்தை மஞ்சள் பையில் மடியில் வைத்துக்கொண்டு தஞ்சாவூர் வந்திருந்தார்.

"வேற ஒண்ணும் வேணாம் மேடம். தீவனமா, என் கையான்னு தெரிஞ்சாப் போதும்."

வானதிக்கு முதலில் புரியவில்லை. பிறகு அவரே சொன்னார். கைராசிக்காரி என்று ஊரில் அவருக்குப் பெயர். யார் வயலில் நடவு தொடங்கினாலும் முதல் நாற்று முடியை அவர் கையில்தான் கொடுப்பார்கள். இருபது வருஷ வழக்கம். வான்கோழிகள் செத்த பத்தாம் நாள் ஆற்றில் தண்ணீர் வந்தது, குறுவை நடவு தொடங்கியது. யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

"மூஞ்சிக்கு நேரா ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலீங்க. கூப்பிடல, அவ்ளோதான்."

கொடுத்த பெயரைப் பிடுங்கிக்கொள்ள ஊருக்குப் பத்து நாள் போதும் போலிருக்கிறது. அதையும் வாயைத் திறக்காமலே செய்துவிடுகிறார்கள்.

வானதிக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கறிக்கோழித் தீவனத்தில் ரத்தக்கழிச்சல் வராமலிருக்க சாலினோமைசின் என்ற மருந்தைக் கலப்பார்கள். கிலோவுக்கு அறுபது மில்லிகிராம். கோழிக்கு அது ஒன்றும் செய்யாது. அதே அளவை வான்கோழி தின்றால் கால் விழுந்துவிடும். எனவே தீவனத்தை அரைத்தாள், குவித்துத் தட்டி நாலு கூறாகப் பிரித்து எதிரெதிர்க் கூறுகளை எடுத்தாள், மெத்தனாலில் ஒரு மணி நேரம் குலுக்கி வடிகட்டி எந்திரத்தில் ஏற்றினாள். எந்திரம் மருந்தைத் தனியாகப் பிரித்து, வழியில் வெனிலினோடு சேர்த்துச் சூடாக்கும். மருந்து இருந்தால் நிறம் மாறும். எவ்வளவு மாறுகிறதோ அவ்வளவு மருந்து. ஐஸ்கிரீமில் போடுகிற அதே வெனிலின்தான். அந்தச் சோதனை நடக்கிற நாளில் கூடம் முழுக்கக் கல்யாண வீட்டுப் பந்தி போல மணக்கும்.

பதினொன்று என்று வந்தது. மறுபடி செய்தாள். பதினொன்றேகால். அதில் வான்கோழி சாகாது.

கூடத்தின் தலைவர் மனோகரன் கெட்டவர் அல்ல, சட்டப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர். "வந்த மாதிரிக்குத்தான் ரிசல்ட், வானதி. கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்க" என்றார்.

கையெழுத்துப் போட அவளுக்குக் கை வரவில்லை. அந்தத் தாளை எல்லையம்மாள் யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்வார். தீவனத்தில் தப்பில்லை என்றால் தப்பு வேறு எதில்? ஊர் வாயைத் திறக்காமல் சொன்னதற்கு அரசாங்க முத்திரை குத்திக் கொடுத்தது போலாகிவிடும்.

கண்ணாடிச் சாமான்கள் கழுவுகிற பர்வின் அக்கா அப்போது தட்டை எடுக்க வந்தார். அரைக்காமல் மீதம் வைத்திருந்த தீவனத்தை உள்ளங்கையில் அள்ளி ஊதிப் பார்த்தார். ஒரு துளி தூசு பறக்கவில்லை.

"இது என்ன மேடம், பொடைச்ச தீவனமா இருக்கு. நீங்க தும்மக்கூட இல்லையே."

வானதி உடனே குடவாசலுக்குப் போன் போட்டாள். "அம்மா, எங்களுக்குக் குடுத்த தீவனத்தை என்ன பண்ணிக் கொண்டாந்தீங்க?"

"ஒண்ணும் பண்ணலீங்களே. ஒரே தூசும் தும்புமா இருந்துச்சு. ஆபீசுக்குக் குடுக்கறதாச்சே, அப்படியே கொண்டுவந்து நீட்டினா நல்லாவா இருக்கும்? மொறத்துல போட்டு நாலு பொடை பொடைச்சு, கல்லு பொறுக்கித்தான் கொண்டாந்தேன்."

வானதிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. தீவனத்தில் கலக்கிற மருந்துப் பொடி மாவைவிட நைசு. அது தூசோடு தூசாகத்தான் கிடக்கும். அடுத்தவருக்குக் கொடுக்கிற பண்டத்தைச் சுத்தமாகக் கொடுக்க வேண்டும் என்ற ஒரே நல்ல எண்ணத்தில், தன் பக்கத்துச் சாட்சியை எல்லையம்மாள் தன் கையாலேயே புடைத்துக் குப்பையில் கொட்டியிருக்கிறார்.

"மிச்சம் இருக்காம்மா?"

"பிரிச்ச மூட்டை காலி. அதே நாள் வாங்கின இன்னொண்ணு தையல் பிரிக்காம கெடக்குங்க."

மறுநாளே வானதி கிளம்பிப் போனாள். முறைப்படி மனோகரனிடம் அனுமதியும் எழுதி வாங்கிக்கொண்டாள். முணுமுணுத்தபடி கொடுத்தார், கொடுத்தாரே அது போதும். நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டையைக் குத்திப் பார்ப்பார்களே, அதே மாதிரிக் குத்தூசியால் மேல், நடு, அடி என்று பல இடத்தில் குத்தித் தீவனம் எடுத்தாள். எடுத்து முடிப்பதற்குள் மூன்று தும்மல் வந்தது. மூட்டையைப் பிடித்துக்கொண்டது எல்லையம்மாளின் கணவர் சிவசாமி. அவர்தான் காபியும் கொண்டுவந்து கொடுத்து, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரித்தார். எல்லையம்மாள் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு நாலடி தள்ளியே நின்றார்.

"கிட்ட வந்து பாருங்கம்மா."

"வேணாம் மேடம். இதுல என் கை படவேணாம். நீங்களே எடுத்துக்குங்க."

வெள்ளிக்கிழமை மதியம் ரிசல்ட் வந்தது. அறுபத்துமூன்று. வான்கோழித் தீவனம் என்று அச்சடித்த மூட்டையில் ஏதோ ஒரு மில்லுக்காரன் கறிக்கோழித் தீவனத்தை அடைத்துத் தைத்திருக்கிறான். வானதி இரண்டு முறை சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டாள். தபால் போய்ச் சேரும் வரை பொறுக்க முடியாமல் போனை எடுத்தாள்.

எடுத்தது சிவசாமி. அவள் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டார்.

"மேடம், இப்ப எங்க வயல் நடவு வரப்புல நிக்கிறோம். பொம்பளைங்க எல்லாம் இருக்காங்க. நானும் நித்தம் சொல்றேன், அவ நம்ப மாட்டேங்கறா. ஸ்பீக்கர்ல போடுறேன். நீங்க ஒரு தடவ சொல்லிடுங்க."

சோதனையில் வந்த எண்ணைச் சொல்லலாம், அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது என்பது கூடத்தின் விதி. வானதி ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

"எல்லையம்மா, கேக்குதா? மூட்டை தைக்கறதுக்கு முன்னாடியே மருந்து உள்ள இருந்துச்சு. உங்க கையால ஒண்ணும் ஆகல. நீங்க பொடைச்சுக் குடுத்ததுல மருந்து ஆறுல ஒரு பங்குதான் இருந்துச்சு. உங்க கை அதை வெளியதான் எடுத்துச்சு."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்குள் அங்கிருந்து குரல் வந்துவிட்டது, மெதுவாக.

"அப்ப அதுங்களுக்கும் பொடைச்சுப் போட்டிருந்தா பொழச்சிருக்குமா மேடம்?"

பொய் சொல்ல வானதிக்கு மனம் வரவில்லை. "பொழச்சிருக்கலாம். ஆனா வான்கோழிக்குத் தீவனத்தைப் பொடைச்சுப் போடுறவங்க இந்த ஜில்லாவுலயே யாரும் கிடையாதும்மா. சுத்தமாக் குடுக்கவேண்டியவன் மில்லுக்காரன். அவன் செய்யாததுக்கு நீங்க ஏன் சொமக்கணும்?"

தண்ணீர் சலசலப்பும் யாரோ இருமுவதும் கேட்டன. எல்லையம்மாள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அழட்டும் என்று வானதி போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"மேடம்."

"சொல்லுங்கம்மா."

"அன்னிக்கு அவ்ளோ தூரம் வெயில்ல வந்தீங்க. என் கையால ஒரு வாய் தண்ணி குடுக்கல. நீங்களும் பிள்ளை குட்டி வச்சிருக்கிறவங்க, உங்களுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயந்துதான் அவரைக் குடுக்கச் சொன்னேன். மனசு கேக்கவே இல்லீங்க." மறுபடி மூக்கை உறிஞ்சினார். "ஞாயித்துக்கிழமை பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வாங்க. என் கையால சோறு போடணும்."