டங்ஸ்டன் மேல் விழுந்த பழி

பட்டறைக்காரர் கடைந்து கொடுத்த எதையும் இதுவரை ஒருவரும் திருப்பி அனுப்பியதில்லை. அப்படிப்பட்டவரின் டங்ஸ்டன் வில்லை மேல் இன்று பழி விழுந்திருந்தது. பழி போட்டவரோ வேறு யாருமல்ல, மகளின் மாமனார்.

ஆய்வுக்கூடத்தில் புரோட்டான் கற்றையை அந்த வில்லையில் மோதவிட்டால் நியூட்ரான்கள் தெறித்துக் கிளம்ப வேண்டும். காலையிலிருந்து, வரவேண்டியதில் பத்தில் ஒரு பங்குகூட அவற்றை எண்ணும் டிடெக்டரில் பதிவாகவில்லை.

"உலோகத்துல கலப்படம் போல சம்பந்தி. தப்பா நினைக்காதீங்க," என்றார் டிடெக்டர் பிரிவின் தலைவரான சம்பந்தி. கையில் அறிக்கை தயாராக இருந்தது. அது இயக்குநரிடம் போய்விட்டால் பட்டறையின் பெயருக்கு அதோடு முழுக்கு.

"மூணு தலைமுறைப் பேரு சம்பந்தி, எப்படித் தப்பா நினைக்காம இருக்கிறது?" பட்டறைக்காரர் முதுகை நிமிர்த்தினார். "கற்றை வில்லைமேலதான் விழுதா?"

கற்றையை இயக்குபவள் அவர் மகள்தான். "நட்டநடுவுல, நச்சுன்னு விழுதுப்பா," என்றாள், மாமனார் பக்கம் திரும்பாமல்.

"அப்ப எண்ணுற இடத்துலதான் கோளாறு."

சம்பந்திக்குச் சுருக்கென்றது. கற்றையை நிறுத்தி, பச்சை விளக்கு எரியும்வரை காத்திருந்து, மகள் உள்ளே போய் வந்தாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"மாமா, டிடெக்டரைச் சுத்தி இருந்த பாலித்தீன் உறை எங்க?"

"ஒரே தூசும்மா. காலையில கழுவி மாடியில காயவச்சேன்..." பாதியிலேயே அவர் குரல் இறங்கிவிட்டது.

பாய்ந்து வரும் நியூட்ரான்களின் வேகத்தைத் தணிப்பது அந்தக் கனத்த உறைதான். வேகம் தணியாதவை டிடெக்டரின் கண்ணெதிரிலேயே கம்பி நீட்டிவிடும்.

உறையை மாட்டியதும் எண்ணிக்கை கணக்கோடு வந்து நின்றது.

"தப்பு என்னுதுன்னு எழுதிடறேன்," என்றார் சம்பந்தி. முகம் தொங்கிப்போயிருந்தது.

நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கப் பட்டறைக்காரர் வாயெடுத்தார். மகளைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டார். அங்கே தலைகுனிவு என்றால் அது அவள் வாழ்கிற வீட்டுக்கும்தானே!

"நான் சொல்றேன், எழுதுங்க. வில்லையில் குறை இல்லை. டிடெக்டர் உறையைக் கழுவி மாட்டியபின் எண்ணிக்கை சரியாகிவிட்டது. இதுல பொய் இருக்கா?"

"ஒரு எழுத்துகூட இல்ல சம்பந்தி!"

மாலையில் இயக்குநரின் சுற்றறிக்கை வந்தது. சம்பந்தியின் அக்கறை பாராட்டுக்குரியதாம். இனி எல்லாப் பிரிவுகளும் வாரந்தோறும் உறைகளைக் கழுவ வேண்டுமாம்.

"அப்பா, வாராவாரம் உறையைக் கழட்டிக் கழுவுறதை இனி யாருப்பா நிறுத்துறது?"

"பாராட்டு வாங்கினவருதான்," என்று பட்டறைக்காரர் மிடுக்காக நடையைக் கட்டினார்.