கருப்பனார் தொகுத்த இசைத்தட்டு

'ஏழாம் அடுக்கு' என்ற ராக் இசைக்குழுவைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அதில் உங்கள் தவறு ஒன்றும் இல்லை. திருச்செங்கோட்டுப் பக்கம் பொறியியல் படித்த மூன்று பேர் சேர்ந்து ஆரம்பித்து, மூன்று ஆல்பம் போட்டு, கேட்டவர்களைக் களைப்படையச் செய்துவிட்டுக் கலைந்துபோன குழு அது. தங்கள் இசையை அவர்கள் 'ப்ரோக்ரெசிவ் ராக்' என்றார்கள். அதாவது, சாதாரண ராக் பாட்டு முடிகிற இடத்தில் இவர்களுடைய பாட்டு தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிக்கும்.

இருபது வருஷம் கழித்து, பெங்களூரில் ஒரு சின்னக் கம்பெனி இவர்களைத் தோண்டி எடுத்தது. மூன்று ஆல்பத்திலிருந்தும் நல்லதாகப் பொறுக்கி ஒரே தட்டாகப் போடுகிறோம், என்னென்ன பாட்டு என்று நீங்களே சொல்லுங்கள் என்றது. தட்டு என்றால் பழைய கருப்புத் தட்டு. இப்போது அதை வாங்கிச் சுவரில் மாட்டுவது நாகரிகமாம்.

கஷ்டம் அங்கேதான் ஆரம்பித்தது. ஒரு தட்டில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஏறாது. அருணகிரியின் 'பாதாளப் பிரவேசம்' ஒன்றே இருபத்தாறு நிமிஷம்.

அருணகிரி இளம்பிள்ளையில் சேலை மொத்த வியாபாரி. ஆனால் அது தன்னுடைய மாறுவேடம் என்பது அவன் எண்ணம். அவனுக்குள்ளே இருந்தது 'பாதாளப் பிரவேசம்' இயற்றியவன். ஏழு பாகம். ஐந்தாவது நிமிஷத்திலிருந்து மண்ணுக்கும் நீருக்கும் கீபோர்டில் ஒரு தர்க்கம் நடக்கும். இரண்டு தரப்பிலும் அவனே வாதாடுவான். உலகம் இன்னும் இதைக் கேட்கவில்லை, கேட்டால் தெரியும் என்ற நம்பிக்கையில்தான் அவன் இத்தனை வருஷமும் சேலை மடித்தான். இப்போது வேறு ஒரு பயம் வந்தது. உலகம் கேட்காததைத் தாங்கலாம். கேட்ட இரண்டே பேரும் வேண்டாம் என்றுவிட்டால்?

அந்த இரண்டு பேரில் ஒருவன் டிரம்மர் செங்கோடன். சத்தீஸ்கர் வரைக்கும் ரிக் வண்டி ஓட்டிப் போய் ஆழ்துளைக் கிணறு, அதாவது போர், போடுகிறவன். தன்னுடைய வண்டி ஷெட்டில், கம்ப்ரசருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தீர்ப்பைச் சொன்னான்.

"ஏன்டா அருணகிரி, நாலாவது நிமிஷத்துலயே தண்ணி வந்துருதுல்ல? ரஞ்சிதா பாடற அந்த எடம். நெஞ்சே குளுந்து போகுது. அப்பறம் எதுக்குடா ஆயிரத்து இருநூறு அடி ஓட்டறே? வெறும் மண்ணுப் புகைதான் வருது."

"அது புகை இல்லை. கட்டமைப்பு."

"கட்டமைப்போ கருமமோ. போர் ராடை மேல ஏத்து மாப்ளே. நாலு நிமிஷத்தோட வெட்டிட்டா இன்னும் நாலு பாட்டு ஏறும்."

"வெட்டுனா அது பாட்டே இல்லைடா. வால் இல்லாத மாடு."

"வாலே இருபத்திரண்டு நிமிஷம்னா மாடு எப்படிடா நிக்கும்?"

இரண்டு பேரும் ரஞ்சிதாவைப் பார்த்தார்கள். குழுவின் பாடகி, இப்போது ராசிபுரத்தில் தலைமையாசிரியை. "நான் ஓட்டுப் போட மாட்டேன்," என்றாள். "யாருக்குப் போட்டாலும் இன்னொருத்தர் பத்து வருஷம் பேச மாட்டீங்க. ஏற்கனவே ஒரு தடவை பார்த்தாச்சு."

"அப்ப எங்க குலசாமி கருப்பனாருகிட்டப் பூக் கேட்டுருவோம்," என்றான் செங்கோடன்.

செங்கோடன் வீட்டில் பூக் கேட்காமல் புது ரிக் வாங்க மாட்டார்கள், பெண் பார்க்கப் போக மாட்டார்கள். வெள்ளை அரளி ஒரு பொட்டலத்தில், சிவப்பு அரளி ஒரு பொட்டலத்தில். சாமி முன்னால் வைத்துக் கேள்வியைச் சொல்வார்கள். விவரம் தெரியாத யாராவது ஒருவர் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் வீட்டுக்குப் போகலாம்.

'பேரண்ட இசையின் முன் மூடநம்பிக்கை நில்லாது' என்று இரண்டாவது ஆல்பத்தின் பின்னட்டையில் எழுதியவன் அருணகிரி. இப்போது, "எப்பப் போகலாம்?" என்று மட்டும் கேட்டான்.

நாமகிரிப்பேட்டைக்குப் போகும் வழியில், மஞ்சள் காட்டுக்கு நடுவே இருந்தது கோயில். உச்சிப் பொழுது. காற்றில்லை. கருப்பனார் வெட்டவெளியில் அரிவாளோடு பனை உயரத்துக்கு நின்றார். கண்களுக்குப் புதிதாக எனாமல் பூசியிருந்தார்கள். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அவை கூடவே வந்தன.

பூசாரி வீரபாகு விவரத்தைக் கேட்டுக்கொண்டு மந்தாரை இலை இரண்டைக் கொடுத்தார். "யாரு கட்டறீங்க?"

"அருணகிரியே கட்டட்டுமுங்க," என்றான் செங்கோடன். "அவனோட பாட்டு. நாங் கட்டுனா நாளைக்கு ஒரு பேச்சு வரும். போ மாப்ளே, போயிப் பறிச்சுட்டு வா."

கோயிலுக்குப் பின்னால் வெள்ளைச் செடியும் சிவப்புச் செடியும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. அருணகிரி வெள்ளை ஒன்றைப் பறித்து முதல் இலையில் வைத்துக் கட்டினான். சிவப்பை நோக்கிப் போன கை பாதியில் நின்றது. செங்கோடன் தன்னை நம்பி அனுப்பியது நினைவுக்கு வந்தது. அதைவிடச் சத்தமாக இருபத்திரண்டு நிமிஷம் நினைவுக்கு வந்தது. இன்னொரு வெள்ளையைப் பறித்தான்.

காம்பிலிருந்து வழிந்த பால் விரலில் பிசுபிசுத்தது. அரளிப் பால் விஷம். வேட்டியில் துடைத்தான், போகவில்லை. கண்ணில் பட்டுவிடுமோ என்று வியர்வையைக்கூடத் துடைக்காமல் திரும்பி வந்தான்.

வீரபாகு பொட்டலங்களை வாங்கிக் குலுக்கி, சாமியின் காலடியில் வைத்தார். "இப்படித்தானுங்க, ஒருத்தரு ரெண்டுலயும் ஒரே பூவக் கட்டிக் கொண்டாந்தாரு," என்றார் சாவகாசமாக. "அவருக்கு என்ன ஆச்சுன்னு மட்டும் கேக்காதீங்க."

"என்ன ஆச்சுங்க?" என்றான் அருணகிரி.

"கேக்காதீங்கன்னு சொன்னனுங்களே."

கற்பூரம் எரிந்தது. கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தூக்கிய கையை, விரலில் இருந்த பால் நினைவுக்கு வந்து, அருணகிரி கீழே இறக்கினான். இருந்தாலும் ஓரத்தில் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. முழுப் பாட்டையும் போடலாமா என்று கேட்பார்கள். எதை எடுத்தாலும் வெள்ளை. முடிந்தது.

ஆனால் செங்கோடன் குடும்பத்துக்காக வீரபாகு இத்தனை வருஷமும் கேட்டதில் நூற்றுக்குத் தொண்ணூறு ஒரே கேள்விதான். எங்கே போர் போடுவது என்று ரிக்காரர்கள் சாமியைக் கேட்பதில்லை. அதற்குத் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து நீரோட்டம் பார்க்கிற ஆள் இருக்கிறார். அவர்களுடைய பயமெல்லாம் ஓட்டிக்கொண்டே போகும்போது வருவது. டீசல் எரிகிறது, புகை வருகிறது, இன்னும் இறக்குவதா, போதுமா? வீரபாகுவின் வாய்க்கு அதுதான் பழக்கம்.

"கருப்பனாரே! நாலு நிமிஷத்துல தண்ணி வந்துருச்சுன்னு பசங்க சொல்றாங்க. இத்தோட நிறுத்திக்கலாமுங்களா? நிறுத்தச் சொன்னா வெள்ளையக் குடு சாமி!"

எதை எடுத்தாலும் வெள்ளை; எதை எடுத்தாலும் வெட்டு. அருணகிரி வாயைத் திறந்தான். என்ன சொல்வது? கேள்வியை மாற்றுங்கள் என்றால், ஏன் என்பார்கள். கருப்பனாரின் கண்கள் அவனுடைய விரல்களைப் பார்த்தன.

காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த கந்தம்மாள் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தாள். வீரபாகு அவளைக் கூப்பிட்டார். "ஒண்ணு எடு ஆத்தா."

"ஏனுங்க, பொண்ணுக்கு வரனுங்களா?"

"பாட்டுக்கு ஆத்தா."

"பாட்டுக்கா பூக் கேக்கறாங்க?" வெற்றிலை தெரியச் சிரித்துக்கொண்டே ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

வெள்ளை.

செங்கோடன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். எழுந்தவன் இன்னொரு பொட்டலத்தைப் பார்த்தான். "அதையும் பிரிச்சுப் பாத்தரலாமுங்களா?"

அருணகிரி பொட்டலத்துக்கும் அவனுக்கும் நடுவே வந்து நின்றான்.

"பிரிக்கப்படாதுங்க," என்றார் வீரபாகு. "சாமி வேண்டாம்னு விட்டது. கட்டுனவரே கொண்டு போயிக் கிணத்துல போடோணும். திரும்பிப் பாக்கப்படாது."

பொட்டலத்தை அவன் கையில் வைக்கும்போது அவர் ஒரு நொடி கூடுதலாக அழுத்தியது போலிருந்தது. கிணற்றில் தண்ணீர் இல்லை. சுற்றிலும் போர் போட்டு உறிஞ்சியாகிவிட்டது. பொட்டலம் பாறையில் மொத்தென்று விழுந்தது. இலை பிரிந்துகொண்டதா, பிரிந்து மேலே பார்த்துக்கொண்டு கிடக்கிறதா என்று எட்டிப் பார்க்க முடியாது. தண்ணீர் குடித்து முடித்த கந்தம்மாள் அந்தக் கிணற்றோரமாகத்தான் நடந்து போனாள். அவள் எங்கேயும் நிற்காமல் காட்டுக்குள் போகும் வரைக்கும் அருணகிரி அவளுடைய காலடிச் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தான்.

திரும்பும்போது செங்கோடன் காரை ஓட்டினான். ரஞ்சிதா முன்சீட்டில். அருணகிரி பின்னால், கைகளை எதிலும் படாமல் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு.

"வெட்டுனா எப்படி இருக்கும்னு போன்ல செஞ்சு பார்த்தேன்," என்றாள் ரஞ்சிதா. "போடட்டுமா?"

பாட்டு வந்தது. அவளுடைய இருபது வயதுக் குரல், அதற்கு அடியில் அவனுடைய கீபோர்டு. ஏறி, தயங்கி, நிறைந்து, நின்றது. அருணகிரி தன்னை அறியாமல் அடுத்த பாகத்துக்காக விரலை அசைத்தான். வரவில்லை.

"மறுக்காப் போடு," என்றான் செங்கோடன்.

இருபது வருஷத்தில் 'பாதாளப் பிரவேசம்' கேட்ட ஒருவரும் சொல்லாத வார்த்தை. அவள் மறுபடி போட்டாள். அருணகிரிக்குக் கண் கலங்கியது. துடைக்க முடியவில்லை, விரலில் விஷம். இது அழகாக இருக்கிறது என்பது கிணற்றைவிடப் பெரிய பயமாக இருந்தது. ரெண்டு வெள்ளையைக் கொடுத்துச் சாமியின் கையைக் கட்டினோமே, யார் யாரைக் கட்டினார்கள்?

"உன் கை ராசியான கைடா," என்றான் செங்கோடன். "கேட்ட ஒடனே உத்தரவு. தையில அக்கா மகளுக்கு வரன் முடிக்கோணும். கருப்பனாருகிட்டக் கேக்கறதுக்கு நீதான் வந்து பூக் கட்டோணும்."

"வேண்டாம்டா. வேற யாரையாச்சும் கட்டச் சொல்லு."

"ஏன்?"

பாட்டு முடிந்திருந்தது. வழக்கமாக இந்த இடத்தில் ஐந்தாவது நிமிஷம் வரும். மண்ணும் நீரும் வாதாட ஆரம்பித்துவிட்டால் காருக்குள் யாரும் யாரையும் எதுவும் கேட்க முடியாது. இப்போது ஒன்றும் வரவில்லை. ரஞ்சிதா திரும்பிப் பார்த்தாள். கண்ணாடியில் செங்கோடனின் கண்கள், புதிதாக எனாமல் பூசியது போல, அவனுடைய மடியில் கிடந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.