அன்னூரிலிருந்து வந்த பிரதி

படங்களைச் சேர்த்து வைக்கிற பழக்கம் அன்புச்செல்விக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே உண்டு. சிங்காநல்லூர் வீட்டில் டிவிக்கு மேலே இருந்த அலமாரியில், செருப்புப் பெட்டி அளவில் ஒரு சர்வர் வைத்திருந்தாள். பழைய சினிமாக்கள், பாட்டுகள், மாரியம்மன் நோம்பியில் எடுத்தது, ஆல்வினோடு மாதா கோயிலில் நடந்த கல்யாணம், எல்லாம் அதற்குள் கிடந்தன. வீட்டு டிவியிலும் பார்க்கலாம், ஆல்வினின் போனிலும் பார்க்கலாம். அன்னூரில் அம்மா மாசாணியம்மாள் தனியாக இருந்த வீட்டுக்கும் அப்படியே ஒரு பெட்டி வாங்கி டிவியோடு மாட்டிவிட்டிருந்தாள்.

இங்கே ஒரு படத்தைப் போட்டால், நெட் இருக்கிற நேரமாகப் பார்த்து அது அன்னூருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அங்கே ஏதாவது மாறினால் இங்கேயும் மாறும். ஒரே படம் இரண்டு இடத்திலும் வெவ்வேறாக இருந்துவிட்டால், எது சரி என்று சர்வர் முடிவு செய்யாது. இரண்டையும் வைத்துக்கொண்டு, இரண்டாவதன் பெயருக்குப் பக்கத்தில் அது எங்கிருந்து வந்தது என்பதையும் போட்டுவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், துணி காயப் போட்டுவிட்டு வந்து டிவியைப் போட்டவள், அன்னூர் வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று எடுத்த வீடியோ இரண்டாக நிற்பதைப் பார்த்தாள். இரண்டாவதன் பெயரில் அன்னூர் என்று ஒட்டியிருந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவுக்கு ரிமோட்டில் தெரிந்ததெல்லாம் ஆன் செய்வதும் சத்தம் வைப்பதும்தான். வீடியோவை மாற்றுகிற வித்தை எங்கே கற்றாள்? எதையோ அமுக்கிவிட்டிருப்பாள் என்று நினைத்து, அழித்துவிடப் போகும்போதுதான் கவனித்தாள். அன்னூர் பிரதி பழையதைவிடப் பெரிதாக இருந்தது.

பழைய வீடியோ அவளே போனில் எடுத்தது. புது ஹாலில் பாய் விரித்துச் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருக்க, அப்பா அங்கப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பரிமாற வருவார். பள்ளிக்கூட வேன் ஓட்டி ஓட்டி வலது கை மட்டும் கறுத்திருக்கும். கேமராவைப் பார்த்து, "அம்மணி, அதைய" என்பார். அதோடு வீடியோ முடிந்துவிடும். அடுத்த ஆடியில் அவர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு அந்த வீடியோவை அவள் முழுசாகப் பார்த்ததில்லை.

அன்னூர் பிரதியில் அது அங்கே நிற்கவில்லை.

"அம்மணி, அதைய அணைச்சுப்போட்டு வந்து உக்காரு. சோறு ஆறுது" என்றார் அப்பா. பாதி சிரிப்போடு சொல்லிவிட்டு, சாம்பார் வாளியோடு அடுத்த இலைக்குப் போனார். படம் மெல்லக் கீழே இறங்கி ஓரிடத்தில் நிலைத்து நின்றது. யாரோ சாப்பிட்டுக் கை கழுவப் போனார்கள். யாரோ பாயைச் சுருட்டினார்கள்.

குளித்துவிட்டு வந்த ஆல்வினைக் கூப்பிட்டுக் காட்டினாள். மோட்டார் பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் பார்க்கிறவன் அவன். எதற்கும் ஒரு காரணம் இருந்தே தீரும் என்பான். போனை எங்கோ சாய்த்து வைத்துவிட்டு மறந்திருப்பாய், அது பாட்டுக்கு ஓடியிருக்கும், முதலில் ஏற்றும்போது பாதியில் அறுந்திருக்கும், இப்போதுதான் முழுசும் வந்து சேர்ந்திருக்கிறது என்றான். தான் போனை அணைத்துக் கைப்பையில் போட்டது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனாலும் அப்பாவின் குரலில் ஒரு முழு வாக்கியம் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் அவள் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

அடுத்த வாரம் அந்தப் பிரதி இன்னும் நீண்டிருந்தது.

சொந்தக்காரர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். ஹால் காலியாக இருந்தது. ஜன்னல் வெயில் தரையில் நகர்ந்துகொண்டே போனது. வெகு நேரம் கழித்து அப்பா ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து, கேமராவைப் பார்த்த மாதிரி போட்டு உட்கார்ந்தார். பேசவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார்.

அன்புச்செல்வி ஆர்.எஸ்.புரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்த்தாள். சாம்பல் நிறப் படங்களில் இருக்கக்கூடாத ஒன்றைத் தேடிக் கண்டுபிடிப்பது அவளுக்குத் தினமும் உள்ள பிழைப்பு. அந்தக் கண்ணால் பார்த்ததால்தான் அது தட்டுப்பட்டது. அப்பாவின் தலைக்கு மேலே, சுவரில், சந்தன மாலை போட்ட ஒரு போட்டோ இருந்தது. அது அப்பாவின் போட்டோதான். காரியம் முடிந்து அவளே அன்னூர் கடையில் சட்டம் போட்டு வாங்கி மாட்டியது.

தன்னுடைய படத்துக்குக் கீழேயே அவர் உட்கார்ந்திருந்தார். அப்படியானால் இது பால் காய்ச்சிய அன்றைக்கு எடுத்தது அல்ல. இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. கேமரா இருந்த இடத்தில் அந்த நாளில் ஒன்றுமே கிடையாது, வெறும் சுவர். இப்போதுதான் அங்கே டிவி இருக்கிறது.

ஆல்வின் அதைப் பார்த்துவிட்டுக் காரணம் ஒன்றும் சொல்லவில்லை. அவனுடைய போனிலிருந்து சர்வருக்கு இருந்த இணைப்பையே எடுத்துவிட்டான். நீயும் பார்க்காதே என்று மட்டும் கேட்டுக்கொண்டான்.

அன்று மத்தியானமே அவள் அம்மாவுக்குப் போன் செய்தாள். கண்ணுக்குச் சொட்டு மருந்து ஒழுங்காக விடுகிறாளா என்று முதலில் விசாரித்தாள். அம்மாவுக்குப் போன மாதம்தான் புரை எடுத்திருந்தது. ஆபரேஷன் முடிந்து கொஞ்ச நாள் சிங்காநல்லூரில் இருக்கச் சொல்லியும் கேட்காமல், கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அன்னூருக்கே போய்விட்டாள். எப்போது கூப்பிட்டாலும் அப்புறம் பாக்கலாம் என்பதுதான் பதில். காரணம் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள்.

பால் காய்ச்சிய வீடியோவைப் போட்டுப் பார்க்கிறாயா என்று கேட்டதற்கு, தினமும் சோறு உண்டுபோட்டு அதைத்தான் பார்க்கிறேன் என்றாள் அம்மா.

"நா ஒண்ணும் பண்றதில்ல கண்ணு. அது பாட்டுக்கு ஓடுது. நிறுத்த மனசு வரல."

குரலில் பயமும் இல்லை, அதிசயமும் இல்லை. அதுதான் அன்புச்செல்வியைக் கலக்கியது. பெட்டியைக் கொஞ்ச நாள் அணைத்து வைக்கலாமா என்று மெல்லக் கேட்டுப் பார்த்தாள். மழை வரும்போல இருக்கிறது, விறகை எடுத்து உள்ளே போட வேண்டும் என்று அம்மா போனை வைத்துவிட்டாள்.

அதற்கப்புறம் அன்புச்செல்வி ஆல்வினுக்குத் தெரியாமல் பார்க்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு தடவையும் பிரதி நீண்டிருந்தது. அப்பா அதே நாற்காலியில் இருந்தார். வெயில் வரும், போகும். ஒரு நாள் பக்கத்தில் இன்னொரு நாற்காலி கிடந்தது. யாரும் உட்காரவில்லை.

ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்த ஒரு சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, அந்த நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

கறுப்புக் கண்ணாடி, முந்தானையில் துடைத்த ஈரக் கை, இடுப்பில் செருகிய சாவி. அப்பாவின் பக்கம் திரும்பவில்லை. வயலுக்குப் போய்வந்து களைத்து உட்கார்ந்த இரண்டு பேர் மாதிரி, அவர்கள் நேரே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் படத்துக்குள் எங்கோ போன் அடித்தது. அம்மா மடியிலிருந்த போனைக் குனிந்து பார்த்தாள். எடுக்கவில்லை. அடித்து ஓயும்வரை பார்த்துவிட்டு மறுபடி நிமிர்ந்துகொண்டாள்.

அன்று அன்புச்செல்வி அம்மாவுக்கு இன்னும் போன் செய்திருக்கவில்லை. செய்யாமல் இருந்தால் படத்தில் அடித்தது அவளுடைய போனாக இருக்காது என்று ஒரு நினைப்பு ஓடியது. ஆனால் செய்யாமல் எப்படி இருக்க முடியும்? அம்மாவின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. அடித்து ஓய்ந்தது.

அம்மா போனை எடுக்கவில்லை என்று சொன்னதும் ஆல்வின் காரை எடுத்தான். சரவணம்பட்டி தாண்டும்வரை அவள் விடாமல் போன் போட்டுக்கொண்டே வந்தாள். கோவில்பாளையத்தில் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஊர்ந்தபோது, மறைத்ததையெல்லாம் அவனிடம் சொல்லிவிட்டாள். அவன் திட்டவில்லை. இடது கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

அன்னூரில் மழை இல்லை. வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. ஆல்வின் காரை வேப்பமரத்தடியில் ஓரம் கட்டுவதற்குள் அவள் ஓடிப்போய் வாசற்படியில் நின்றாள்.

அம்மா டிவியைப் பார்த்தபடி, இவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சிவப்பு நாற்காலி காலியாகக் கிடந்தது. டிவியில் அதே ஹால். அம்மா இருந்தாள், பக்கத்து நாற்காலியில் அப்பா இருந்தார். அவர்களுக்குப் பின்னால் இந்த வாசலும் தெரிந்தது. வாசலில் யாரும் இல்லை. அன்புச்செல்வி நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேதான் நின்றாள். படத்தில் வெயில் மட்டும் விழுந்து கிடந்தது.

"அம்மா" என்றாள்.

நாற்காலியிலிருந்த அம்மா திரும்பினாள்.

டிவியிலிருந்த அம்மா திரும்பவில்லை.

அன்புச்செல்வி இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒன்று கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணைச் சுருக்கி இவளைப் பார்த்தது. இன்னொன்று கண்ணாடியோடு நேரே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்த அம்மா தோளிலிருந்து நழுவிய முந்தானையைச் சரி செய்துகொண்டாள். இந்த அம்மாவின் கைகள் மடியில்தான் இருந்தன.

"வந்துட்டியா கண்ணு" என்றாள் அம்மா. முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள். டிவியை ஒரு தடவை பார்த்தாள், அடுப்பை அணைத்தோமா என்று பார்க்கிற மாதிரி. "உங்கய்யன ஒத்தையில உட்டுப்போட்டு வர மனசில்லாமதான் இத்தன நாளா கெடந்தேன். இனி அவ இருந்துக்குவா. நா உன்ர கூட வாரேன்."

அன்புச்செல்வி எதுவும் கேட்கவில்லை. கேட்டால் எந்த அம்மா பதில் சொல்வாள் என்று அவளுக்குப் பயமாக இருந்தது. ஆல்வின் உள்ளே வந்து, அத்தை என்று கூப்பிட்டு, டிவியைப் பார்த்தான். பிறகு, பையை எடுத்துக்கொள்கிறேனுங்க என்று அறைக்குள் போனான். அம்மா நாலு சேலையும் மருந்தும் மட்டும் எடுத்துக்கொண்டாள். டிவியை அணைக்கப் போன அன்புச்செல்வியின் கையைப் பிடித்து, வேண்டாம் என்று தலையாட்டினாள். கதவைப் பூட்டும்போது உள்ளே யாரோ சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்த மாதிரி இருந்தது. மூன்று பேரும் அதைக் கேட்டார்கள்.

திங்கட்கிழமை சர்வர் அவளிடம் கேட்டது: இரண்டில் எதை வைத்துக்கொள்வது? பழையதை வைத்துக்கொள்ளச் சொன்னால் அன்னூரில் உள்ளது அழிந்துபோகும். அவள் வெகு நேரம் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் இரண்டும் இருக்கட்டும் என்று அமுக்கிவிட்டு, அன்னூர்ப் பெட்டிக்கும் தன் சர்வருக்கும் இருந்த தொடர்பை அறுத்துவிட்டாள். அந்த வீட்டுக்குக் கரண்டு பில் மட்டும் தவறாமல் கட்டி வருகிறார்கள்.

அம்மா சிங்காநல்லூரில் நன்றாகவே இருக்கிறாள். வேளைக்குச் சாப்பிடுகிறாள், பக்கத்து வீட்டு மானசாவோடு குளத்தோரம் நடக்கப் போகிறாள், டிவியில் காமெடி வந்தால் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறாள். அவள் வந்ததில் ஆல்வினுக்கும் சந்தோஷம்தான்.

தை பிறந்த பிறகு ஒரு நாள், சமையலறையில் மூவரும் உட்கார்ந்திருந்தபோது, ஆல்வின் பேச்சுவாக்கில் மாமாவின் வேனைப் பற்றி எடுத்தான். மழைக்காலத்தில் அது கிளம்பாமல் நின்றதையும், பள்ளிக்கூடப் பிள்ளைகளே இறங்கித் தள்ளியதையும், மாமா அவர்களுக்கெல்லாம் தேன்மிட்டாய் வாங்கிக் கொடுத்ததையும் சொன்னான். அன்புச்செல்விக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அம்மா வெங்காயம் உரித்தபடி எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டாள். முடிந்ததும் ஆல்வினை நிமிர்ந்து பார்த்து, "நல்ல மனுசராட்ட இருக்குதுங்க மாப்ள. ஆருங்க அது?" என்றாள். பிறகு உரித்ததையெல்லாம் ஒரு கிண்ணத்தில் அள்ளிப் போட்டு மகளிடம் நீட்டினாள்.