இரவல் கை

காலை ஆறே காலுக்குப் பொன்னேரி ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறும்போதெல்லாம் கோபால் பாதிப் படியில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டுவான். "கட்டு, கட்டு. ரயிலு உனக்காக நிக்கும்" என்று கேலி பேசிக்கொண்டு நான் பக்கத்தில் நிற்பேன். அந்த லேஸ் அவிழ்ந்திருந்ததை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலை ஒன்றில் இருவரும் பதினாறு வருடமாகக் கான்ட்ராக்ட் தொழிலாளிகள். அவன் உலையடியில், நான் கம்பி வெட்டும் இடத்தில். ஒருவன் ரயிலைத் தவறவிட்டால், முன்னால் போனவன் அவனுக்கும் சேர்த்து வருகை அட்டையைப் பஞ்ச் அடித்துவிடுவான். எங்களில் யாருக்கும் அது தப்பாகத் தோன்றியதில்லை.

போன வருஷம் ஜூலையில், ஆலைத் தொழிலாளர்களின் ரத்தக் குழாய்களைப் பற்றி ஆராய ஒரு மருத்துவக் குழு வந்தது. கையில் பட்டையைக் கட்டி ஐந்து நிமிடம் இறுக்கி, பிறகு தளர்த்துவார்கள். தடைப்பட்ட ரத்தம் திரும்பப் பாயும்போது குழாய் எவ்வளவு விரிந்து கொடுக்கிறது என்று ஸ்கேன் கருவியில் அளப்பார்கள். "யாரோட ரிசல்ட்டும் கம்பெனிக்குப் போகாது" என்றார் டாக்டர் இளமதி. நாங்கள் நம்பவில்லை. குலுக்கலில் எடுத்த நாற்பது பேரில் என் பெயர் இருந்தது. கோபால் பெயர் இல்லை.

"இன்னாடா, மூஞ்சி தொங்கிப்போச்சு?" என்று அவன் கேட்டான்.

"பதினெட்டு வருஷத்துப் பீடி மச்சான். மிஷின் காட்டிக் குடுத்துடும். அப்புறம் கான்ட்ராக்ட்ல பேரு இருக்காது."

"இதுக்கா பேஜாராவுற? பஞ்ச் அடிக்கிற மாதிரிதான். உன் டெஸ்ட் டோக்கனைக் குடு, உன் பேர்ல நான் போய்க் கைய நீட்டிட்டு வரேன். எனக்குப் பீடியா, பிராந்தியா? நம்ம கை கம்பி மாதிரி கீது."

முகக்கவசமும் ஹெல்மெட்டுமாகப் போனான், வந்தான். யாருக்கும் தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்து என் வீட்டுக்குக் கடிதம் வந்தது. ரத்தக் குழாய் விரிய வேண்டிய அளவு விரியவில்லை, தாமதிக்காமல் இதய மருத்துவரைப் பாருங்கள் என்று எழுதியிருந்தது. என் மனைவி ஹெலன் அழுதாள். எனக்கு அது யார் கை என்று தெரியும்.

மறுநாள் கோபால் அதே படியில் உட்கார்ந்து கடிதத்தைப் படித்தான். சிரித்தான்.

"பேரு யார்துடா போட்டுகீது? எபினேசர். அப்ப நீதான் போவணும்."

"வெளையாடாத மச்சான். கை உன்னுது."

"சரிடா, ஊர்த் திருவிழா முடியட்டும். இப்ப லீவு கேட்டா மேஸ்திரி கத்துவான்."

கடிதத்தின் அடியில் டாக்டரின் எண் இருந்தது. இரண்டு முறை அழுத்தி, மணி அடிக்கும் முன்பே வைத்துவிட்டேன். ஆள் மாறியது தெரிந்தால் இருவருக்கும் வேலை போய்விடுமே என்ற பயம். கோபாலின் மனைவி சுமலதா இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தாள். அவளிடமும் சொல்லவில்லை.

கடிதம் வந்த பதினோராம் நாள் காலையில் கோபால் லேஸ் கட்ட உட்கார்ந்தான். "கட்டு, கட்டு" என்றேன். ரயில் வந்து நின்றது, புறப்பட்டது. அவன் தலை கைப்பிடிக் கம்பியில் சாய்ந்தே இருந்தது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு கடிதத்தைச் சுமலதாவிடம் கொடுத்து நடந்ததைச் சொன்னேன்; லேஸ் கட்டும் சாக்கில் அவன் மூச்சு வாங்கத்தான் உட்கார்ந்தான் என்பதையும். இரண்டு முறை படித்தாள். திட்டவில்லை.

"இது எங்க ஊட்டுக்கு வந்திருந்தா, நான் அவர ஆஸ்பத்திரிக்கு இஸ்துகினு போயிருப்பேன் அண்ணா" என்றாள்.

அன்று மாலையே டாக்டருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். இருவர் பெயரையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, "ஒருத்தர் ரிசல்ட் கூடக் கம்பெனிக்குப் போகலை. அன்னைக்கே சொன்னேனே" என்றார்.

இந்த வருஷம் அந்தக் குழு மறுபடி வந்தது. வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற, என்னோடு கம்பி வெட்டும் குணா காதருகில் குனிந்தான்.

"அண்ணா, எனக்கும் சேர்த்து நீயே கைய நீட்டிட்டு வாயேன். எனக்குப் பயமா கீது."

"எனக்கும் பயந்தான் குணா" என்றேன். "பஞ்ச் அடிக்க உனக்குப் பதிலா ஒருத்தன் வருவான். நோவுக்கு வரமாட்டான். உன் கைய நீயே நீட்டு. கடுதாசி வந்தா உன் ஊட்டுக்கு வரட்டும், உன்னை இஸ்துகினு போறவங்க அங்கதான் இருக்காங்க."

அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.